சென்டரைக் கொடுத்து கார்டை எடுத்தோம்

கூடைப்பந்து எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. பந்து வளையத்துக்குள் விழுந்தால் கை தட்டுவேன். விசில் ஊதினால் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் சிரித்தால் நமக்கு நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனாலும் அந்த விளையாட்டு என் வீட்டுக்குள் வந்தது. வந்து நல்லது செய்தது. அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கடியப்பட்டணம் பக்கம். வேதக்கோயிலை ஒட்டி ஒரு சிமெண்டுத் தளம், இரண்டு பக்கமும் வளையம். திருவிழாவுக்குப் பெண் பிள்ளைகளின் கூடைப்பந்துப் போட்டி உண்டு. சுற்றுப்பட்ட கடற்கரை ஊர்கள் எல்லாம் வரும். ஒரு சட்டம் மட்டும் கறார். அந்தந்தப் பங்கை, அதாவது அந்தந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்த பிள்ளைகள்தான் ஆட வேண்டும். வெளியிலிருந்து ஆள் கொண்டுவர முடியாது. கல்யாணம் ஆன பெண் மாப்பிள்ளையின் பங்கில் சேர்ந்துவிடுவாள். அடுத்த வருஷம் அந்த ஊருக்குத்தான் ஆடுவாள். அதனால் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நிச்சயம் என்றால் நகை எவ்வளவு என்று ஒரு கூட்டம் கேட்கும். பெண் விளையாடுமா என்று இன்னொரு கூட்டம் கேட்கும்.

என் மகள் நல்ல பொக்கம். உயரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அம்மாவைக் கொண்டு பிறந்தவள். வளையத்துக்கு அடியில் போய்க் கையைத் தூக்கி நிற்பாள். மற்றப் பிள்ளைகள் பந்தை மேலே எறிவார்கள். இவள் எகிறிச் சாடிப் பிடித்து உள்ளே போடுவாள். ஊர் பல வருஷம் அப்படித்தான் ஜெயித்தது.

அவளை இனயத்துக்குப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்தோம். அதே வீட்டில் மாப்பிள்ளையின் தங்கையை என் மகனுக்கு எடுத்தோம். அவளும் விளையாட்டுக்காரி. ஆள் குட்டை. பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பவள். இரண்டு கல்யாணமும் ஒரே மாதத்தில் நடந்தது. மாதம் முடியும் முன்னே என் மகன் கத்தாருக்கு வள்ளத்து வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். வீட்டில் நானும் மனைவியும் மருமகளும்.

மீனை ஏலத்தில் விட்டுவிட்டு நான் டீக்கடைக்குப் போவேன். அங்கே துபாயிலிருந்து திரும்பி வந்த ஒருவர் தினமும் இருப்பார். விடியும்போது எழுந்து அமெரிக்காக்காரன் ஆட்டத்தை போனில் பார்க்கிறவர்.

"அங்க இதுக்கு டிரேடுன்னு பேரு," என்றார் துபாய்க்காரர். "ஒரு டீமு ஆளைக் கொடுத்து மத்த டீமுல இருந்து ஆளை எடுக்கும். வளையத்துக்கு அடியில நிக்கவ சென்டரு, பந்தைத் தட்டிட்டு வாறவ கார்டு. நாம சென்டரைக் கொடுத்து கார்டை எடுத்திருக்கோம்."

"பொண்ணு கெட்டிக் கொடுத்ததுக்கு இப்படியும் ஒரு பேரா வேய்?" என்றார் டீக்கடைக்காரர். "செரி, லாபமா நட்டமா? அதைச் சொல்லும்."

"ஸ்டார் கார்டுல்லா. காலேஜுல அவ பந்தைத் தட்டிட்டு வந்தா எதுத்தாப்புல நிக்கவளுவ வழி விட்டுட்டு நிப்பாளுவ."

"என் பாய்லர் உயரந்தான் இருக்கா. வெலை கூடின நெய்மீனைக் கொடுத்துட்டு பொடிச் சாளை வாங்கின மாதிரில்லா இருக்கு."

"சாளை இல்லாம உமக்கு ஒரு நேரம் சோறு எறங்குமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீரு என்ன சொல்லுதீரு?"

"டீயில சீனி கூடிப்போச்சு," என்றேன்.

அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு வேறு பயம் இருந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டின மாதிரி. இங்கே இழுத்தால் அங்கே ஆடும். என் மருமகள் முகம் வாடினால் அந்த வீட்டில் என் மகளின் சோறு இறங்காது. இதை யாரும் பேசமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் அடுக்களைச் சுவரில் ஒரு பலகை உண்டு. உப்பு, புளி, மிளகாய்த்தூள், கருவாட்டு டப்பா எல்லாம் அதில்தான். பூனைக்கு எட்டாத உயரம். என் மனைவிக்கு எட்டும். மகளுக்கு எட்டும். எனக்கே குதிகாலைத் தூக்கினால்தான் எட்டும். மருமகள் ஸ்டூல் போட்டு ஏறி எடுப்பாள். ஒரு கறி வைக்க எத்தனையோ தடவை ஏறி இறங்குவாள். என் மனைவி பார்த்துக்கொண்டு நிற்பாள். திட்டினது கிடையாது. ஒரு நாள் மட்டும் சொன்னாள்.

"அவ இருந்தப்ப இந்த ஸ்டூலு எங்க கெடந்துன்னே தெரியாது."

மருமகள் உப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

திருவிழாவுக்கு முன்னால் பக்கத்து ஊர்களோடு பழக்க ஆட்டம் வைப்பார்கள். முதல் ஆட்டத்துக்கு ஊரே வந்தது. புது கார்டைப் பார்க்க. மருமகள் பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். எனக்கே தெரிந்தது, வேகம். ஆனால் பந்து மற்றப் பிள்ளைகள் கைக்குப் போனதும் ஒரு காரியம் நடந்தது. வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்துக்கு அவர்கள் பந்தை மேலே தூக்கி எறிந்தார்கள். பந்து அங்கே போய், யாரும் பிடிக்காமல், வெளியே விழுந்தது. ஒரு தடவை மருமகள் ஓடிப் போய்ச் சாடினாள். தலைக்கு மேலே போய்விட்டது.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "லேய், பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுங்கடே."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அடுக்களையில் ஸ்டூல் கிடப்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

தோற்றோம். அவள் வீட்டுக்கு வந்து ஆட்டப் பனியனைத் துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மாமா, இனி நான் விளையாடப் போகல்ல."

"செரி மக்கா."

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் நின்னுட்டு வரட்டா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அதுக்கென்ன, போயிட்டு வா," என்றேன். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். மருமகளை அவள் மயினி என்பாள். "அப்பா, மயினி அழுதாளா? இங்க மாமி அவகிட்ட போன்ல பேசிட்டு வந்து அப்படியே இருக்கா. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல. கேக்காம இருக்கதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"ஒண்ணும் இல்ல மக்கா," என்றேன். போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். முழுவதும் அரிந்து கழுவி முடித்தாள். பிறகு கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் உண்டா?"

"உண்டு."

எழுந்து மருமகளிடம் போனாள். "பிள்ளே, இந்த ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ. நானும் வாறேன்."

மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு என் மனைவி அந்தத் தளத்தின் பக்கம் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதும் இல்லை. பூசை முடிந்து, சாப்பிட்டு, வெயில் சாய்ந்ததும் இரண்டு பேரும் போய் நின்றோம்.

அன்றும் அதேதான். பந்து மேலே போகும். யாரும் இல்லாத இடத்தில் விழும்.

"அங்க ஆருக்குப் போடுதுவ?" என்று மனைவி கேட்டாள்.

"ஆருக்கும் இல்ல. அது நம்ம மக நின்ன இடம்."

இன்னும் ஒரு தடவை பந்து அங்கே போனது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இன்னும் ஒரு தடவை.

இடைவேளை விட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். நாலு பேர் முன்னால் பேசுகிறவள் அல்ல. நான் பின்னாலேயே போனேன். பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏட்டி பிள்ளைகளா," என்றாள். "அவ கெட்டிப் போயாச்சு. அங்க இனி ஆரும் இல்ல. இவ இங்கல்லா நிக்கா. இவ கையில கொடுங்க."

ஒரு பிள்ளை சொன்னாள். "கை தானா அங்க போவுது மாமி. என்ன செய்ய."

"தெரியும் மக்கா," என்றாள் என் மனைவி. "எனக்கும் அப்படித்தான்."

மருமகள் தண்ணீர்ப் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மாமியைப் பார்த்தாள். மாமி அவளைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அதற்குப் பிறகு பந்து தாழே வந்தது. மருமகள் கைக்கு வந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் கொடுத்தாள். இரண்டு பேர் நடுவில் குனிந்து போனாள். குனிய அதிகம் இல்லை, அவள் இருப்பதே அவ்வளவுதான். அன்றும் தோற்றோம். ஆனால் யாரும் ஸ்டூல் என்று சொல்லவில்லை. துபாய்க்காரர் டீக்கடைக்காரரைத் தேடிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

மறுநாள் நான் கடலிலிருந்து வந்தேன். மனைவி சுத்தியலும் ஆணியும் எடுத்து வைத்திருந்தாள்.

"இந்தப் பலகையைத் தாழ எறக்கி அடிங்க."

"எவ்வளவு தாழ?"

அவள் மருமகளைக் கூப்பிட்டாள். "இங்க வந்து நில்லு. எக்காத. சும்மா கையை நீட்டு." கை எட்டின இடத்தில் விரலால் மஞ்சள் வைத்தாள். நான் அங்கே அடித்தேன்.

"பூனை?" என்றேன்.

"பூனை பாடு நான் பாத்துக்கிடுதேன்."

உப்புப் பாட்டிலை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள். "நீயே வை." அவள் வைத்தாள். ஸ்டூல் முற்றத்துக்கு வந்தது. இப்போது நான் அதில் உட்கார்ந்துதான் வலை பார்க்கிறேன். பனியன் பையிலிருந்து கொடிக்குப் போனது. ஊருக்குப் போவது பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திருவிழாவில் கடைசி ஆட்டம் எங்கள் ஊருக்கும் மகளின் ஊருக்கும். அந்தப் பக்கம் மகள் கையைத் தூக்கி நின்றாள். இந்தப் பக்கம் மருமகள் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் கை தட்டினாலும் ஒரு வீட்டுக்கும் நட்டம் இல்லை. நானும் மனைவியும் எல்லாவற்றுக்கும் தட்டினோம். பக்கத்தில் நின்றவன் எங்களை முறைத்தான். மகள் ஒரு தடவை மருமகள் எறிந்த பந்தை மேலேயே அடித்துத் தள்ளினாள். அடுத்த தடவை மருமகள் எறிவது போலக் காட்டி, மகள் சாடினதும், அவள் கைக்கு அடியில் வேறொரு பிள்ளைக்குப் பந்தைக் கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தது எனக்குத் தெரிந்தது. ஒரு கூடை வித்தியாசத்தில் மகளின் ஊர் ஜெயித்தது.

டீக்கடையில் வழக்கு முடியவில்லை.

"ரெண்டு டீமுக்கும் லாபமுள்ள டிரேடு," என்றார் துபாய்க்காரர். "இப்படி அமெரிக்காவுலயே நடக்காது."

"கொள்ளாம், நல்ல டிரேடு. கப்பு மட்டும் அங்க போச்சு," என்றார் டீக்கடைக்காரர். என் கிளாசை வைக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பிள்ளை நல்லா ஆடுச்சு, கேட்டீரா."

"ஆங்," என்றேன். அன்றைக்கு டீயில் சீனி சரியாக இருந்தது.

ஆட்டம் முடிந்த அன்று மகள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். குழம்பில் உப்புக் குறைவு என்று எழுந்து அடுக்களைக்குப் போனாள். கை மேலே போனது. அங்கே சுவர். பழைய ஆணி இருந்த ஓட்டைகள். விரலால் ஒன்றைத் தொட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாழ பாரு மக்கா," என்றாள் மனைவி.

மகள் குனிந்து உப்பை எடுத்தாள். மருமகளைப் பார்த்தாள். "மயினி, உனக்கு யோகந்தான். நானெல்லாம் எறக்கித் தான்னு கேட்டாக்கூட அப்பா அடிச்சுத் தந்திருக்க மாட்டாரு."

"நீ என்னத்துக்குக் கேக்கப் போற, தென்னை மாதிரி வளந்துட்டு," என்றாள் மருமகள்.

"உனக்கு அங்க நெலை இடிக்கல்லியா?" என்று மனைவி கேட்டாள். அந்த வீடு பழைய வீடு. வாசல் நிலை எல்லாம் தாழ்வு.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "போன புதுசுல தினமும் இடிக்கும். நெத்தி வீங்கிக் கெடக்கும். ஒரு நாள் எழுந்து பாத்தா, எல்லா நெலையிலயும் மாமி பழைய சேலையை மடிச்சுச் சுத்திக் கெட்டி வச்சிருக்கா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல. இப்பவும் இடிக்கும். வலிக்காது."

என் மனைவி எழுந்து போய் மருமகளுக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தாள்.

அந்தச் சம்பந்தி அம்மாளோடு நான் அதிகம் பேசினதில்லை. கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசியிருப்பேன். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். நாங்கள் இங்கே பலகைக்கு அடியில் ஸ்டூலைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களில் அவள் அங்கே என் மகளின் நெற்றிக்குச் சேலை சுற்றியிருக்கிறாள். தன் மகள் போனில் அழுததைக் கேட்ட பிறகும் அதை அவிழ்க்கவில்லை.

அடுத்து கடலுக்குப் போன அன்று ஒரு நெய்மீன் கிடைத்தது. அதை ஏலத்தில் விடவில்லை. ஒரு பொதி சாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். குளச்சலில் பஸ் மாறிப் போனேன்.

வாசலில் அவளே நின்றாள். "வாருங்க. என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா," என்றேன்.

மீனைக் கொடுத்தேன். உள்ளே நுழையும்போது நிலையைப் பார்த்தேன். நீலச் சேலை, மடித்து, சுருக்கம் இல்லாமல் கட்டியிருந்தது. என் தலை அதற்கு எட்டாது. ஆனாலும் குனிந்துதான் உள்ளே போனேன்.