ஷட்டர் அக்காவின் பொதுச்சுவர்

அந்தக் கடைத்தெருவில் முதன்முதலாக இரும்பு ஷட்டர் போட்டவள் அவள்தான். அதனால் ஊர் அவளுக்கு ஷட்டர் அக்கா என்று பேர் வைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேரைக் கேட்டாலே அவளுக்குத் தலை தானாக நிமிரும். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் சுருக்கென்று இருக்கிறது. பேரும் அதேதான், கூப்பிடுகிற வாயும் அதேதான். ஊர்தான் கட்சி மாறிவிட்டது.

மாமனார் விட்டுப்போனது ஒரே ஒரு மாடிக் கட்டடம். நூறு வயது தாண்டியது. தடித்த செங்கல் சுவர், மரத்தூண் வைத்த மாடி முகப்பு, ஆள் உயர ஜன்னல்கள். அதை நடுச்சுவரோடு சரிபாதியாகப் பிரித்து, இடப்பக்கம் மூத்த மகனுக்கு, வலப்பக்கம் இளையவனுக்கு என்று எழுதிவைத்தார். நடுச்சுவர் இரண்டு பேருக்கும் பொது.

மூத்தவன் மனைவியான நம் ஷட்டர் அக்கா சும்மா உட்காருகிற ஆளா என்ன? வந்த பங்கை ஒரே வருஷத்தில் தலைகீழாக்கினாள். மரத்தூண்களைப் பிடுங்கி விறகுக்குப் போட்டாள். பெரிய ஜன்னல்களை அடைத்தாள். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு மழமழவென்று சிமெண்ட் பூசவைத்தாள். முன்னால் ஷட்டர் போட்ட ஃபேன்சி ஸ்டோர், மாடியில் குடித்தனம், கடைக்குப் பின்னால் பொதுச்சுவரை ஒட்டி நீலப் பூப் போட்ட டைல்ஸ் வைத்த குளியலறை. குழாய் ஒன்றும் வெளியே தெரியாது, எல்லாம் சுவருக்குள்ளேயே ஓடும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. குளியலறையைப் பார்க்க ஆள் வந்த வீடு ஊரிலேயே அது ஒன்றுதான்.

ஓரகத்தி இருந்தாளே, இளையவள், அவள் பழைய பாதியை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மழை வந்தால் இளையவள் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். "பாவம், அவளால முடிஞ்சது அவ்வளவுதான்" என்பாள் ஷட்டர் அக்கா. அந்தப் 'பாவம்' என்ற சொல்லை அவள் எவ்வளவு ருசித்துச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

அப்புறம் ஊர் படுத்துவிட்டது. மில்லை மூடினார்கள். ஊரைச் சுற்றிப் புதுச் சாலை போட்டதும் பஸ் உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டது. கடைக்குக் கடை பூட்டுத் தொங்கியது. ஃபேன்சி ஸ்டோரில் ரிப்பனும் கிளிப்பும் வாங்க ஆளில்லாமல் வெளுத்துப்போயின.

அந்த நேரத்தில்தான் ரிடையரான போஸ்ட்மாஸ்டர் ஒரு கமிட்டி போட்டார். மனிதருக்கு ஒரே பேச்சு: "நம்மகிட்ட வேற என்ன மிச்சம் இருக்கு? இந்தப் பழைய கட்டடங்கதான். இதைச் சரி பண்ணினா பார்க்க ஆள் வரும். ஆள் வந்தா கடை திறக்கும்." ஊர் சிரித்தது. ஷட்டர் அக்கா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அவர் விடுவதாக இல்லை. எங்கெங்கோ எழுதிப் போட்டுப் பண உதவிக்கு வழி செய்து, பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கென்றே படித்த ஓர் ஆர்க்கிடெக்ட் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா தெருவில் இரண்டு தடவை மேலும் கீழும் நடந்து ஐந்து கட்டடங்களைக் குறித்துக்கொண்டார். முதலாவது, இளையவளின் ஒழுகுகிற பாதி.

ஷட்டருக்கு முன்னால் வந்ததும் அண்ணாந்து பார்த்து, "அடடா, இந்தப் பாதியை யாரோ கெடுத்துட்டாங்களே" என்றார். அந்த யாரோ கடைக்குள்ளேதான் கையில் ரிப்பன் சுருளோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதிலிருந்து தொடங்கியதுதான் வயிற்றெரிச்சல். வெளியூரிலிருந்து சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவர் வந்து இறங்கினார். முற்றத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பை ஊறவைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து பூசினார். மரத்தூணில் ஒன்பது அடுக்குப் பெயிண்டைச் சுரண்டியபோது உள்ளே பூவேலை இருந்தது. அதே மாதிரித் தூண்களைத்தான் ஷட்டர் அக்கா அடுப்புக்குப் போட்டிருந்தாள். எட்டே மாதம். மாடியில் வெளியூர்க்காரர்கள் தங்க நாலு அறை தயார். கீழே முன்பக்கத்தில் எப்போதோ ஊரைவிட்டுப் போன பேக்கரிக்காரர் திரும்பிவந்து அடுப்பு மூட்டினார். சனிக்கிழமையானால் கார்கள் வந்தன. எதிர்வரிசையில் சைக்கிள் கடை திறந்தது, அப்புறம் ஒரு டீக்கடை. செத்துப்போன தெருவுக்கு மறுபடி மூச்சு வந்தது, சும்மா சொல்லக்கூடாது.

வந்தவர்கள் எல்லாரும் இளையவள் முகப்பைப் படம் எடுத்தார்கள். அக்காவின் ஷட்டர் படத்தில் விழாமல் இருக்க இரண்டடி தள்ளி நின்று எடுத்தார்கள். ஒருநாள் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, "மேடம், கொஞ்சம் உள்ளே போய்க்கிறீங்களா?" என்று கேட்டாள். போனாள். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

"ஏன் இப்படி உருகுறே? அவங்களுக்கு வர்ற கூட்டத்துல நமக்கும் நாலு வியாபாரம் ஆகுதே" என்றார் கணவர்.

"அவ வாசல்ல சிந்தினதை நான் பொறுக்கணுமாக்கும்? நீங்க வேணும்னா போய்ப் பொறுக்குங்க!"

அவர் வாயை மூடிக்கொண்டார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் எப்போது வாயை மூடவேண்டும் என்பதை நன்றாகப் படித்தவர்.

மாடி அறைகள் நிரம்பி வழியவே, கீழே பின்பக்கம் பொதுச்சுவரை ஒட்டி இருந்த பெரிய அறையையும் முடித்தார்கள். ஒருநாள் காலை இளையவள், "வந்து பாருங்கக்கா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வெள்ளைச் சுவர் கண்ணுக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஷட்டர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பார்த்தாள். முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத்திட்டு.

"என்னடி இது?"

"அதான் தெரியலக்கா. நேத்துலேர்ந்து இருக்கு."

வீட்டுக்கு வந்தவள் நேராகக் குளியலறைக்குப் போனாள். அதே இடம், அதே உயரம். டைல்ஸ் மேல் காதை வைத்தாள். உள்ளே சுர்ர்ர் என்று மெல்லிய சத்தம். சமீபமாகத் தொட்டி சீக்கிரம் காலியாகிறது, மோட்டாரை இரண்டு தடவை போடவேண்டியிருக்கிறது என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. குழாய் மூட்டு விட்டிருக்கிறது. இந்தப் பக்கம் டைல்ஸும் சிமெண்டும் இறுகப் பூட்டியிருப்பதால் தண்ணீர் பழைய செங்கலுக்குள் இறங்கி அந்தப் பக்கம் வெளிவருகிறது. அவள் குளியலறை வால்வைத் திருகி மூடினாள். சத்தம் நின்றது.

ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். பிறகு வால்வைத் திறந்துவிட்டாள்.

நன்றாகத் தெரிந்துதான் திறந்தாள். அதில் சந்தேகமே வேண்டாம்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு புதுச் சுறுசுறுப்பு. தினமும் ஏதோ ஒரு சாக்கு. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று போவாள், ஏணி வேண்டும் என்று போவாள், ஒன்றும் கிடைக்காவிட்டால் "சும்மாதான்டி வந்தேன்" என்று போவாள். போகிற போக்கில் அந்தச் சுவரை ஒரு பார்வை. உள்ளங்கை ஒரு சாணாயிற்று. சாண் ஒரு முழமாயிற்று. பூச்சு உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வீட்டுக்கு வந்து ரேடியோவில் பாட்டு வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். கணவர், பெண்டாட்டிக்கு உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

கொத்தனார் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். மறுபடி உப்பியது. மூன்றாம் தடவையும் அப்படியே. அவருக்கும் சந்தேகம் வராமல் இருக்குமா? ஷட்டர் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"உங்க பக்கத்துல இந்தச் சுவத்துல குழாய் ஏதாச்சும் போகுதாக்கா?"

"குழாயா? அதெல்லாம் வெளிச்சுவத்துல போகுது. நீங்களே வந்து பாருங்க, ஒரு பொட்டு ஈரம் இருக்கான்னு."

அவர் நீலப் பூக்களைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தன. "மன்னிச்சுக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு வேறு.

இதற்குள் கமிட்டியில் புகைய ஆரம்பித்தது. சுண்ணாம்பு தாங்காது என்று அப்போதே சொன்னோமே என்று சிலர் கிளம்பினார்கள். பணம் கொடுக்கிற இடத்திலிருந்து என்ஜினீயர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. சுவர் அப்படியே இருந்தால் மிச்சம் நாலு கட்டடத்துக்கும் சுண்ணாம்பு கிடையாது, கொத்தனாரும் கிடையாது. சுண்ணாம்பு இல்லாமல் அந்த வேலையைச் செய்ய ஆர்க்கிடெக்ட் அம்மாவும் மாட்டேன் என்றுவிட்டார். ஆக, எல்லாம் நின்றுபோகும்.

புதன்கிழமை மத்தியானம் கொத்தனார் கடைக்கு வந்தார். பெண் குழந்தைக்கு நல்ல கிளிப்பாக இரண்டு வேண்டும் என்றார்.

"ஊருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. மூட்டை கட்டிட்டேன். அவங்களா போன்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிட்டா நல்லது." கிளிப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷமாப் பூசுறேன். ஒரு சுவர் என்னைக் கேவலப்படுத்தினதில்லை. என் கைக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுபோல. இனிமே வேற எங்கயும் கலவையைத் தொட பயமா இருக்கு."

ஷட்டர் அக்கா கிளிப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவர் போனதும் உள்ளே போய் வால்வை இறுக்கி மூடினாள். மூடி என்ன பிரயோஜனம்? ஒன்றரை மாதம் தண்ணீர் குடித்த சுவர் இரண்டு நாளில் காயுமா? இளையவள்மேல் இருந்த ஆத்திரத்தில் யாரோ ஒரு மனுஷன் கையை உடைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. ஷட்டரைக்கூட இழுத்துவிடாமல் அப்படியே போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

இளையவள் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. சர்க்கரையா?"

"என் குழாய்டி. என் குளியலறைக் குழாய்தான் ஒழுகுது. எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் நாளே."

இளையவள் மடித்த போர்வையைக் கீழே வைத்தாள். "ஏன்கா?"

"ஏன்னா கேட்கிறே? பொறாமைடி! வேற என்ன! உன்னைப் பார்த்தா எனக்கு எரியுது. உன் சுவரைப் பார்த்தா எரியுது, ஜன்னலைப் பார்த்தா எரியுது, நீ வாங்கக்கான்னு கூப்பிட்டா அதுவும் எரியுது. போதுமா?"

ஓரகத்தி அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. "அந்த மனுஷன் என் கண் முன்னாடி தன் கையையே சந்தேகப்பட்டாரு. நீங்க சர்க்கரை டம்ளரோட நின்னு வேடிக்கை பார்த்தீங்க! போங்கக்கா. இதை அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும். இப்ப என் முன்னாடி நிக்காதீங்க" என்று வாசலைக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை என்ஜினீயர் வந்தார். கமிட்டி முழுவதும் அந்த அறையில் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்கள் என்று மட்டும் சொல்லி இளையவள் நிறுத்திவைத்திருந்த கொத்தனார், மூட்டையை வாசலில் வைத்துவிட்டு ஓர் ஓரமாக நின்றார். என்ஜினீயர் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஷட்டர் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சுண்ணாம்புல ஒரு குத்தமும் இல்லை சார். சுவத்துக்கு அந்தப்பக்கம் என் குழாய் ஒழுகுது. இவர் வந்து கேட்டப்ப இல்லேன்னு பொய் சொன்னேன்."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். கணவர் தரையைப் பார்த்தார். கொத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப என் கலவை சரியாத்தான் இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவளைத் திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பவுமில்லை.

மற்ற கட்டடங்களுக்கும் சுண்ணாம்பே இருக்கட்டும் என்று என்ஜினீயர் எழுதிக்கொடுத்தார். ஆனால் ஈரம் காய நடுச்சுவரை இரண்டு பக்கமும் மூச்சுவிட வைக்கவேண்டும், டைல்ஸ் போயே ஆகவேண்டும் என்றார். ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒரு வாரத்துக்கு அவள் பேச்சுத்தான். அவள் தலையைக் குனிந்தபடி கடைக்கு வந்தாள், போனாள். ஓரகத்தி எதிரே வந்தாலும் பேச்சில்லை.

திங்கட்கிழமை காலை கொத்தனார் உளியும் சுத்தியலுமாக வந்தார். "ஆரம்பிக்கட்டுமா?" என்றார். அக்கா என்ற சொல் விடுபட்டிருந்தது.

"என்னைக் கேட்காதீங்க. உடைங்க."

முதல் நீலப் பூ தெறித்து விழுந்தது. அப்புறம் வரிசை வரிசையாக. ஒவ்வொரு டைல்ஸையும் அவள் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தவள். எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

வாசலில் நிழல் தட்டியது. இளையவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெகுநேரம் உடைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமாடி?" என்றாள் ஷட்டர் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி.

"ஆமா. கொஞ்சம் சந்தோஷம்தான்." இளையவள் உள்ளே வந்து கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். "நீங்க இதை ஒட்டி முடிச்சு ஊரையே கூப்பிட்டுக் காட்டினீங்களே, அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் மூணு நாள் சாப்பிடலே. மழைத்தண்ணிக்குப் பாத்திரம் வைக்கும்போதெல்லாம் இந்த நீலப் பூதான் கண்ணுல வரும். இந்தக் குளியலறை அப்படியே இடிஞ்சு விழணும்னு எத்தனை தடவை நினைச்சிருக்கேன் தெரியுமா?"

ஷட்டர் அக்காவின் அழுகை பாதியில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரகத்தியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிஜமாவா? மூணு நாளா?"

"நாலாவது நாளும் பாதிச் சோறுதான்க்கா."