சக்கரம் போன வாசல்

போன வருடம் ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம், தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு வாசற்படியை நானே ஆள் வைத்து அறுக்கப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினெட்டு வருடம் வெள்ளி தவறாமல் நான் மஞ்சள் பூசிய படி அது.

காரணம் என் கணவர். மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலி வாங்கினோம். இடது கையாலும் இடது காலாலும் தள்ளி வீட்டுக்குள் நன்றாகவே சுற்றினார். வாசலுக்கு வந்தால்தான் நின்றுவிடும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை குறுக்கே கிடக்கும் தடித்த மரப்படி. எதிரில் இருபதடி தூரத்தில் டீக்கடை. தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தவர் அவர். ஆஸ்பத்திரிக்குப் போக ஒருமுறை இரண்டு பேர் அவரைத் தூக்கித் தாண்ட வைத்தார்கள். அதோடு வெளியே வரமாட்டேன் என்றுவிட்டார்.

"ரெண்டு பேரு தூக்கினு போறதுக்கு நான் இன்னா பொணமா?"

அதைக் கேட்டதும் படியை எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். பிறந்த வீட்டிலேயே எனக்குப் பிடிவாதக்காரி என்று பேர். பின்பக்கம் வழி வைக்கலாமென்றால் மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள்.

அடுத்த தெருவில் இருக்கும் என் கணவரின் அண்ணன் விஷயம் தெரிந்து வந்து குதித்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அவர்களுடைய பூட்டன் கட்டிய வீடு இது. பூட்டன் வண்டிச் சக்கரம் செய்வதில் பேர் போனவர். துரைமார் வண்டிக்கெல்லாம் அவர்தான் சக்கரம் செய்தாராம், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பின்கட்டை இன்றும் பட்டறை என்றுதான் சொல்கிறோம்.

"அவரு கையால வெச்ச படிம்மா. அதுல லட்சுமி கீறா. கைய வெச்சா குடும்பத்துக்கு ஆவாது."

"லட்சுமி தாண்டி வந்துடுவாங்க மாமா. உங்க தம்பியாலதான் தாண்ட முடியல."

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தச்சர் அறுக்கும் மிஷினோடு வந்தார். அண்ணன் பூட்டனின் சக்கரப் பெருமையைத் தச்சரிடமும் சொல்லிவிட்டுத் தெருவில் நின்று முறைத்தார். கணவர் உள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரம்பிங்க என்றேன். படியின் நடுவில் ஒரு விரல்கடை ஆழம் மிஷின் இறங்கியதும் படி முழுக்க ஆடியது. தச்சர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"அக்கா, நெலையோட சேத்து அடிச்ச படி இப்படி ஆடாது. இது வேற மாதிரி கீது."

ஓரத்தை உளியால் சுரண்டினார். பழைய பெயிண்டும், எனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்கள் எல்லாரும் பூசிக் கெட்டியான மஞ்சளும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. உள்ளே பக்கத்துக்கு ஒரு மர ஆப்பு. சுத்தியலால் தட்டினார், கழன்று வந்தன. அண்ணனைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். பெட்டி மூடியைத் தூக்குவது போல இரண்டு பேரும் படியைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

கீழே தரையோடு தரையாகக் கருங்கல். அதில் உள்ளேயிருந்து தெருவைப் பார்த்து ஒரு பள்ளக்கோடு, இரும்புப் பட்டை உருண்டு உருண்டு தேய்ந்தது.

"சக்கரம் செஞ்சவருன்னு சொன்னீங்களே. செஞ்சது வெளிய எப்படிப் போவும்? படிய எடுத்துட்டு உருட்டினு போயிருக்காரு" என்றார் தச்சர்.

இத்தனை வருடம் பூட்டன் பெருமை பேசியவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி தோன்றவில்லை, எனக்கும்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவர் செய்து வைத்த வழியை இரண்டு துண்டாக்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

ரோடு மேல் ரோடு போட்டுத் தெரு எங்கள் வாசலுக்குச் சமமாக உயர்ந்திருக்கிறது. என் கணவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இடது காலை ஊன்றி நாற்காலியை நகர்த்தினார். அந்தக் கல்லைத் தாண்டி, தெருவில் இறங்கி, ஒரு பக்கமாக இழுக்கிற நாற்காலியைத் திருத்தித் திருத்திக் கடைக்குப் போனார். அவர் பின்னால் நான் ஓடிவிடக் கூடாது என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை அடங்கவே இல்லை.

"டீ ஒண்ணு போடுப்பா. பேப்பர் எங்க?" என்று அவர் கேட்பது எங்கள் வாசல் வரை கேட்டது.

இப்போது தினமும் காலையில் அண்ணன் வருகிறார். நானும் அவரும் படியைத் தூக்கிச் சுவரோரம் சாய்க்கிறோம். மழைத்தண்ணீர், பூச்சிபொட்டு வந்துவிடுமே என்று விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்ப மாட்டுகிறோம். லட்சுமிக்கு இனி நைட் டூட்டி மட்டும்தான் மாமா என்று அவரைச் சீண்டுவேன், சிரித்துக்கொள்வார்.

நான் போட்ட வெட்டு படியின் நடுவில் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதிலும் மஞ்சள் பூசுகிறேன், ஆப்பு இருக்கும் ஓரங்களில் மட்டும் பூசுவதில்லை. எதையாவது அறுத்துத் தள்ளிவிடலாம் என்று கை பரபரக்கும்போதெல்லாம் அந்த வெட்டுதான் ஞாபகம் வருகிறது, முதலில் குனிந்து ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கிறேன்.