அம்மா படித்த அரசறிவியலும் எங்கள் ஒழுங்கை மதகும்

எங்கள் அம்மா கண்மூடி ஓர் ஆண்டாகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து, எங்களோடு இருந்து உணவருந்தி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவுகளே, நண்பர்களே! முன்பக்கங்களில் பதிகங்கள் உள்ளன. அவற்றை ஓதி முடித்த பின்னர் ஆறுதலாக இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

இத்தகைய மலர்களில் மறைந்தவர் எல்லோரும் சாந்தமே உருவானவராக, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவராகவே இருப்பார்கள். அம்மா அப்படிப்பட்டவர் அல்லர். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே பிள்ளையான நான் அதை மறைத்து எழுதினால், முதலில் கோபிப்பவர் அம்மாவாகத்தான் இருப்பார்.

அம்மா அரியாலையில், கடலேரிப் பக்கம் இறங்கும் இதே ஒழுங்கையில் கடைக்குட்டியாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர் மூத்த அண்ணனான மாமா. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் போரால் இடப்பெயர்வு வந்தது. தென்மராட்சிக்குப் போன சனத்தோடு சனமாக மாமாவும் சைக்கிளை உருட்டினார். அதன் ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் அம்மாவின் புத்தகங்கள். யாரோ ஒருவர், “புத்தகத்தை எறிஞ்சுபோட்டுச் சாமானை ஏத்தன்” என்று சொன்னதற்கு, “அதுதான் சாமான்” என்றாராம் மாமா. அம்மா இதைச் சொல்லாத நாளில்லை.

பரீட்சையில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் போக அந்தக் காலம் விடவில்லை. திருமணம் நடந்தது. நான் பிறந்தேன். அப்பா ஓட்டோ ஓடினார். நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, ஒரு நாள் அம்மா வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். பாடம் அரசறிவியலும் பொதுக்கொள்கையும். எங்கள் ஊரில் படிப்பு என்றால் டொக்டர், எஞ்சினியர். அதற்குக் கீழே கணக்கு. கலைப்பிரிவு என்றால் “பாவம்” என்பார்கள். நாற்பதை எட்டும் வயதில் அரசறிவியல் என்றால் என்ன சொல்வார்கள்?

“எலெக்சன் கேக்கப் போறியோ?” என்று ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் கேட்டார்.

“கேக்கிற ஆக்களிட்டைக் கேள்வி கேக்கப் போறன்” என்றார் அம்மா.

சனி, ஞாயிறுகளில் அப்பாவின் ஓட்டோவில்தான் அம்மா வகுப்புக்குப் போவார். “நானும் கம்பஸுக்குப் போறனான்தான். உள்ளுக்கை விடுறாங்களில்லை, அவ்வளவுதான்” என்று அப்பா வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். பொதுக்கொள்கை என்றால் என்ன என்று நான் கேட்டபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவலை நிறுத்தாமலே சொன்னார்: “ஆர் முடிவெடுக்கினம், ஆரைக் கேக்காமல் எடுக்கினம் எண்டு பாக்கிறது.”

இறுதி ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். உங்களுக்கு அருகில் நடக்கும் ஒரு முடிவெடுப்பை ஆராயுங்கள் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அம்மா எடுத்தது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தை. அதற்குத் தலைவர் மாமா. வருடா வருடம் அவரே தலைவர். பஸ் டிப்போவில் பஸ்களின் நேரம் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், மாலை ஆறு என்றால் ஆறுக்குக் கூட்டம் தொடங்கும். ஆண்கள் மண்டபத்துள் கதிரைகளில் இருப்பார்கள். வந்த சில பெண்கள் வெளியே மாமரத்தின் கீழ் நிற்பார்கள். மாமா ஒரு விடயத்தை வாசிப்பார். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அந்த இருவரும்கூட எப்போதும் அதே இருவர்தான். “ஆட்சேபணை ஏதும் உண்டோ?” என்று மாமா கேட்பார். யாரும் பேசமாட்டார்கள். ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிப்பார்கள்.

அந்த வருடம் ஊருக்கு ஒரு வேலை செய்து தர அரசாங்க நிதி வந்திருந்தது. என்ன வேலை என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். மாமாவுக்குப் பல வருட ஆசை ஒன்று இருந்தது. ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் இடத்தில், ஊர்ப் பெயர் பொறித்த ஒரு வளைவு. பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் வளைவு நிற்கிறது, எங்களுக்கு மட்டும் இல்லை என்பது அவருக்கு மானப் பிரச்சினை. ஆனால் மாரி வந்தால் ஒழுங்கையின் பள்ளத்தில் வெள்ளம் நிற்கும். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார்கள். அந்த இடத்தில் ஒரு மதகு கட்டினால் தண்ணீர் கடலேரிக்கு ஓடிவிடும். அம்மா ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ எல்லோரும் சொன்னது மதகைத்தான்.

கதை மாமாவின் காதுக்குப் போய்விட்டது. எங்கள் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி கேட்டார்.

“தங்கச்சி, என்னைப் பற்றி ஊருக்குள்ளை விசாரிச்சுக்கொண்டு திரியிறியாம்?”

“உங்களைப் பற்றி இல்லை அண்ணை. கூட்டத்தைப் பற்றி.”

“கூட்டத்துக்குத் தலைவர் ஆர்?”

“நீங்கள்தான். பொம்பிளையளை ஒருக்காலும் கேட்டதில்லையே எண்டுதான் கேட்டனான்.”

“வேண்டாமெண்டால் சொல்லியிருக்கலாந்தானே? மௌனம் சம்மதம்.”

“இல்லை அண்ணை. உலையை வைச்சிட்டு ஓடி வந்தவள் எந்த நேரத்திலை வாயைத் திறக்கிறது?”

மாமா ஊன்றிய காலை எடுத்தார். சைக்கிளை மிதித்துப் போனார்.

கூட்டத்தன்று நானும் அம்மாவோடு போனேன். வளைவு முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. “ஆட்சேபணை ஏதும் உண்டோ?” என்று மாமா வழக்கம்போலக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“உண்டு, தலைவர் அவர்களே” என்றார் அம்மா.

அண்ணை என்று கூப்பிடாமல் தலைவர் என்று கூப்பிட்டது மாமாவுக்குச் சுட்டது என்று இப்போது நினைக்கிறேன். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்மா வாசற்படியில் ஏறி நின்றுகொண்டு பேசினார். “மாரிக்குப் பிள்ளையள் முழங்கால் தண்ணிக்குள்ளாலை போகுதுகள். வளைவு கட்டினால் அதுக்குக் கீழாலை ஆர் போறது, வெள்ளமோ?” சிலர் சிரித்தார்கள். வாக்கெடுப்பு வையுங்கள், நிலையத்தின் யாப்பு விதிகளில் அதற்கு இடமிருக்கிறது என்றார். “சரி, கையைத் தூக்குங்கோ” என்றார் மாமா. அம்மா விடவில்லை. “கை வேண்டாம், கடதாசியிலை எழுதுவம். உங்களுக்கு முன்னாலை ஆர் கை தூக்குவினம்?”

மாமரத்தின் கீழ் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கொப்பித் தாளைக் கிழித்துப் பங்கிட்டோம். எண்ணி முடித்ததும் முடிவை மாமாவே உரத்து வாசித்தார்: “மதகு.” பிறகு கூட்டத்தை முறைப்படி முடித்துவைத்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து மாமா அம்மாவோடு கதைக்கவில்லை. எங்கள் ஊர்களில் கோபம் என்றால் சண்டை போடுவதல்ல, கதையாமல் விடுவது. அப்படி விட்ட குடும்பங்கள் செத்த வீட்டுக்குக்கூட வராமல் இருந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். சைக்கிளின் ஒரு பக்கம் அரிசியும் மறுபக்கம் தன் புத்தகங்களுமாகத் தன்னைக் காப்பாற்றிய அண்ணனை இழந்துவிடுவேனோ என்று அம்மா பயந்தார். “படிப்பு அண்ணன் தங்கச்சியைப் பிரிச்சுப்போட்டுது” என்று சனம் சொன்னது. அம்மா அடுப்படியில் இருந்து அழுததை நான் கண்டேன்.

“நான் மதகு கேட்டனானே ஒழிய, அண்ணையை வேண்டாமெண்டு சொல்லேல்லை.”

ஆய்வுக் கட்டுரையைக் கொடுக்காமல் விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார். வீட்டு விவகாரங்களில் அதிகம் பேசாத அப்பா அன்று பேசினார். “நிப்பாட்டினால் அண்ணை கதைப்பார் எண்டு ஆர் சொன்னது? பேந்து படிப்பும் இல்லை, அண்ணையும் இல்லை.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனார். கட்டுரை உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தது.

மதகு வேலை தொடங்கியபோது, மேற்பார்வைக்கு யார் என்ற கேள்வி வந்தது. அம்மா மாமாவின் பெயரைச் சொன்னார். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. தான் எதிர்த்த மதகுக்காகக் குடையைப் பிடித்துக்கொண்டு காலை முதல் மாலை வரை வெயிலில் நின்றார். கொந்தராத்துக்காரர் மண்ணைக் கூட்டிச் சீமெந்தைக் குறைத்தால் விடமாட்டார். சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்ல நான் வேண்டும். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பார். மாமா அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துச் சொல்வார்: “கொம்மாட்டைச் சொல்லு, கல்லுச் சின்னனாக் கொண்டு வந்திருக்கிறாங்கள். காசு தந்த கந்தோருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லு.” அம்மா அதே இடத்தில் நின்று, “கொம்மானிட்டைச் சொல்லு, எழுதியாச்செண்டு” என்பார். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். நான் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்கு நல்ல வகுப்பில் பட்டம் கிடைத்தது. அட்டைப் படத்தில் கறுப்பு அங்கியோடு அவர் சிரிப்பது அந்தப் பட்டமளிப்பு விழாவில்தான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மாமாவைப் போய் அழைத்தும் அவர் வரவில்லை.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் வந்தபோது அம்மா அதை இரண்டு முறை வாசித்தார். கூட்டம் மாலை ஆறு மணிக்கு அல்ல, ஞாயிறு பிற்பகலில் என்று போட்டிருந்தது. மண்டபத்துள் பெண்களுக்கும் கதிரைகள் போடப்பட்டிருந்தன. மாமா முதலாவது விடயத்தை வாசித்து, ஆட்சேபணை உண்டோ என்று கேட்டார். பேனாவைத் திறக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தங்கச்சி, நீ ஒண்டும் சொல்லேல்லை. சொல்லு.”

ஒரு வருடத்தின் பின் அம்மாவிடம் நேராகக் கதைத்த முதல் வார்த்தை அது. எதற்கும் பதில் வைத்திருக்கும் அம்மா எழுந்து நின்றார். “இல்லை அண்ணை... ஒண்டுமில்லை.”

“அப்ப சம்மதமெண்டு எழுதலாமோ?”

மண்டபம் சிரித்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

அதன் பிறகு ஊரில் எந்த அரசாங்கக் கந்தோரில் எதை எப்படிக் கேட்பது என்றாலும் அம்மாவிடம்தான் வருவார்கள். அம்மா எழுதிக்கொடுப்பதோடு நிற்கமாட்டார், கூடப் போய் நிற்பார். “நாங்கள் கெஞ்சேல்லை, கேக்கிறம்” என்று போகும் வழியில் சொல்லிக்கொண்டே போவார். முதுமாணிப் படிப்பிலும் சேர்ந்திருந்தார். அதை முடிக்க நோய் விடவில்லை. கடைசி மாதங்களில் மாமா காலையிலேயே வந்து கட்டிலருகில் இருந்து பத்திரிகை வாசித்துக் காட்டுவார். செய்திகளைப் பற்றி இருவரும் வாக்குவாதப்படுவார்கள். “உதுக்கு என்ன ஆதாரம் அண்ணை?” என்று ஈனக்குரலில் அம்மா கேட்பது அடுத்த அறையில் இருக்கும் எனக்குக் கேட்கும். அப்படிக் கேட்ட ஒரு கிழமையில் எங்களை விட்டுப் போனார்.

செத்த வீட்டன்று ஒரு பேச்சு எழுந்தது. ஆண்பிள்ளை இல்லை, யார் கொள்ளி வைப்பது? மாமாவின் மகன் வைக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா பேசும் நிலையில் இல்லை. நான் அம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். மாமா முற்றத்தின் நடுவே வந்து நின்றார்.

“பெத்த பிள்ளை இருக்கேக்கை என்ரை மகன் ஏன்? அவள் வைக்கட்டும். ஆட்சேபணை இருந்தால் இப்ப சொல்லுங்கோ.”

முற்றத்தில் ஆண்கள் யாரும் பேசவில்லை. மாமா அதோடு விடாமல் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே சடலத்தைச் சுற்றி இருந்த பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

“உங்களையும்தான் கேக்கிறன். பேசாமல் இருந்தால் சம்மதமெண்டு எடுக்க என்ரை தங்கச்சி விடமாட்டாள். வாயைத் திறந்து சொல்லுங்கோ.”

அம்மாவுக்கு நான் கொள்ளி வைத்தேன். மகளாக இதைவிடப் பெரிய பேறு எனக்கு வேறில்லை.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களையும் தாதியர்களையும், அவருக்குக் கற்பித்த விரிவுரையாளர்களையும், எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரியாத குறை தெரியாமல் சமைத்து அனுப்பிய அயலவர்களையும், பந்தல் போட்டு ஓடியாடி உழைத்த ஊர் இளைஞர்களையும், வெளிநாடுகளிலிருந்து ஆறுதல் சொன்ன உறவுகளையும் நானும் அப்பாவும் கைகூப்பி நினைக்கின்றோம். “உள்ளதை உள்ளபடி எழுது” என்று இந்தக் கட்டுரைக்கு அனுமதி தந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி.

கடைசியாக, அன்று அழுகையை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, முற்றத்துக்குக் கேட்கும்படி “ஓம், அவள்தான் வைக்கவேணும்” என்று வாய் திறந்து சொன்ன பெண்கள் ஒவ்வொருவருக்கும் அம்மாவின் பெயரால் நன்றி சொல்லுகிறேன்.