வைரல் வந்தவளுக்கு லீவு கிடையாது

எங்கள் வீட்டில் எல்லாரும் டாக்டர்கள்தான், அந்தப் படிப்பை மட்டும் யாரும் படிக்கவில்லை. யாருக்காவது உடம்பு சுட்டால் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'வைரல்' என்போம். தொண்டை கட்டினால் 'இன்ஃபெக்‌ஷன்'. பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரர் மட்டும் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் 'கிரிப்' என்பார், அவர் ரேஞ்சே வேறு. இங்கிலீஷில் பேர் வைத்துவிட்டால் முத்தியால்பேட்டையில் பாதி நோய் போன மாதிரி.

போன மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல். நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "வைரல்தான், மூணு நாள்ல போயிடும்" என்றேன். ஆகா, என்ன வைத்தியம்! வைரல் வந்தவள் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்து சமைக்க வேண்டும், அது எங்கள் வீட்டுச் சட்டம். சமைத்தாள். இரண்டாம் நாள் நான் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கி வந்தேன். அதையும் ஆய்ந்து குழம்பு வைத்தாள். "உப்பு கம்மி" என்று குறை வேறு சொன்னேன். மூன்றாம் நாள் காலை அடுப்படியிலேயே சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். பிளேட்லெட் மளமளவென்று இறங்கியிருந்தது. "மூணு நாளா என்ன சார் பண்ணீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். மீன் குழம்பு சாப்பிட்டேன் என்றா சொல்வது? அவள் பிழைத்து வந்தாள். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தால், வாசலில் வேப்பிலைக் கொத்து. அம்மை போட்ட வீட்டில்தான் அப்படிச் செருகுவோம். அப்புறம் அங்கே தாளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது, படுத்திருப்பவளை யாரும் வேலை ஏவக் கூடாது. பதறி உள்ளே ஓடினேன். பாயில் படுத்திருந்தாள். உடம்பு சுட்டது. முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"எங்க அம்மை? ஒண்ணையும் காணோமே?"

"வெறும் காய்ச்சல்தான். காலையிலயே போய் டெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டேன். டெங்கு இல்லயாம், ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க."

"அப்ப வேப்பில எதுக்கு? சாமி விஷயத்துல பொய் சொல்லலாமா?"

"வைரல்னு சொன்னா சோறு கேப்பீங்க. ஆத்தா வந்திருக்கான்னா கேக்க மாட்டீங்க. போய் கஞ்சி வைங்க."

வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அவள் ஒரு குறையும் சொல்லாமல் முழுக்கக் குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.