லேஞ்சி போட்டு வைத்த இடம்

பிள்ளைகளே, போன பெருநாள் லீவில் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் என்மேல் கோபித்துக்கொண்டீர்கள். பஸ் வந்து நிற்கும் முன்பே எல்லோரும் ஜன்னலுக்குள்ளால் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, எறிந்து சீட் பிடித்தார்கள். நான் லேஞ்சியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். தம்புள்ளை வரைக்கும் நாம் நின்றுகொண்டே போனோம். "வாப்பாக்கு வெக்கமா?" என்று மகள் கேட்டாள். வெட்கம்தான். அதன் காரணத்தை வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

கலேவெலயில் வெங்காயம், மரக்கறி வாங்கும் ஒரு முதலாளியின் களஞ்சியத்தில் பெரிய தராசு ஒன்று இருக்கிறது. மூட்டையை வைத்தால் நிறை கம்ப்யூட்டரில் விழும். தராசையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இணையத்தில் கிடைத்த ஒன்றை எடுத்து, என் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வைத்து, அந்தத் தராசுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தது நான்தான். ஓ.எல். பரீட்சை வரை படித்தவன் கம்ப்யூட்டரின் அடி நிரலான கெர்னல் வரைக்கும் கை வைத்துவிட்டான் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் முதலாளி போன் எடுத்தார். தராசு பேசவில்லையாம்.

"வயர யாராவது நோண்டியிருப்பாங்க முதலாளி," என்றேன். மெஷினைப் பார்க்காமலே சொன்னேன்.

"இங்க அதத் தொடுறது டைப் பண்ற புள்ள மட்டுந்தான். அப்ப டைப் பண்ண நான் வேற ஆள் பாக்கிறேன்."

பின்னால் ஒரு பெண்குரல், "நான் வயரத் தொடவே இல்ல முதலாளி" என்றது. போன் அணைந்துவிட்டது. அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை கலேவெல பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு லேஞ்சி போட்டேன். ஒன்று எனக்கு, மற்றது தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் உதிரிக் கார்டோடு வருவதாகச் சொன்ன கூட்டாளிக்கு. பஸ் புறப்படும் நேரம், வரமுடியாது என்று அவன் போன் எடுத்தான். நான் லேஞ்சியை எடுக்கவில்லை. சாமான் பையை அதன்மேல் வைத்தேன். வசதியாக இருந்தது.

கடைசியாக ஏறிய ஒரு தங்கச்சி, ஒரு கையில் சோற்றுப் பையும் மறு கையில் குடையுமாக வந்து, அண்ணன் என்கிற மாதிரி 'நானா' என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஆள் வாறாங்களா நானா?"

"வாறாங்க," என்றேன்.

பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்துவிட்டது. யாரும் வரவில்லை. அப்போதே பையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் எடுத்தால் பொய் சொன்னது தெரிந்துவிடுமே. அதனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். கலேவெல வரை அவள் நின்றாள், பை உட்கார்ந்து வந்தது.

களஞ்சியத்துக்குள் போனேன். கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் அதே சோற்றுப் பை, அதே குடை. அவள் எழுந்து கதிரையை என் பக்கம் தள்ளினாள். "நீங்க இருங்க நானா."

நான் உட்கார்ந்தேன். அவள் அங்கேயும் நின்றாள்.

முதலில் வயரை மாற்றினேன். பிறகு பெட்டியைத் திறந்து தராசுக் கார்டை அழுத்திப் பார்த்தேன். பயனில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு முகவரி, ஒரு இடம் வேண்டும், பிள்ளைகளே. தராசுக் கார்டுக்குரிய இடம் ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்று திரையில் செய்தி வந்தது. வேறு கார்டு ஏதும் பிடித்திருக்கும் என்று நினைத்து மற்றக் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அப்போதும் அதே செய்தி. கடைசியில் எந்த இடத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், என்னுடைய டிரைவரின் பெயர்தான் இருந்தது. வேலையும் செய்யாமல் இடத்தையும் விடாமல் இருந்தது.

அப்போதுதான் அவளிடம் கேட்டேன். "தங்கச்சி, காலையில எத முதல்ல போடுவீங்க?"

"முன்னமெல்லாம் தராசு ராவும் பகலும் ஓன்லதான் நானா. கரண்ட் பில் கூடிட்டுண்டு முதலாளி எல்லாத்தையும் நிப்பாட்டச் சொன்னாரு. இப்ப வந்தவுடன கம்ப்யூட்டரப் போடுவேன். பொறகு முன்னுக்குப் போய்த் தராசப் போடுவேன்."

விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் எழும்பும்போது டிரைவர் இடத்தைப் பிடிக்கிறது, தராசைக் கூப்பிடுகிறது. தராசு இன்னும் தூக்கத்தில். பதில் வராததால் டிரைவர் வேலையைக் கைவிடுகிறது, பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. தராசு எழும்பிய பிறகு மறுபடி முயன்றால், இடம் இல்லை. திருப்பிக் கொடுக்கும் அந்த ஒரு வரியை நான் எழுதவே இல்லை. எல்லாம் ஓடும்போது மட்டுமே சோதித்துப் பார்த்தவன் நான்.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். "என்னவாம்? வயர்தானே?"

இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஒருத்தருக்கு இடம் பிடிச்சு வச்சிரிக்கி முதலாளி. அவர் வரல்ல. ஆனா பிடிச்ச இடத்த விடவும் இல்ல."

"லேஞ்சி போட்ட மாதிரியா நானா?" என்றாள் அவள்.

கழற்றிய கார்டுகளைத் திரும்பவும் மாட்டத் தொடங்கினேன்.

"என்ன லேஞ்சி?" என்றார் முதலாளி.

"ஒண்டுமில்ல முதலாளி, பஸ் கதை."

அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி நான்தான் பேச வேண்டும்.

"வயர்ல ஒண்டும் இல்ல. இந்தத் தங்கச்சி ஒரு பிழையும் செய்யல்ல. நான் எழுதினதுலதான் பிழை."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து முழுக்க இந்தப் புள்ளக்கி ஏசினேன். உங்கட வாய நம்பித்தானே ஏசினேன்!" பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ ஒண்டும் நினைக்காத புள்ள. வேலையப் பாரு" என்றார். விட்டுப்போன அந்த வரியை எழுதிச் சேர்த்து, கம்ப்யூட்டரை நிப்பாட்டி மறுபடி போட்டேன். அவள் தராசடிக்குப் போனாள். முதல் மூட்டையின் நிறை திரையில் விழுந்ததும் அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள்.

வயரைப் பற்றிச் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

அடுத்த நாள் காலை, கடைக் கதவை உயர்த்தாமல் உள்ளே இருந்து, அதே மாதிரி ஒரு கார்டைப் பழைய மெஷினில் போட்டேன். தராசைச் சேர்க்கவில்லை. டிரைவரை ஓடவிட்டேன். அது தராசைக் கூப்பிட்டது, பதில் இல்லை, தோற்றது. அந்த இடம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தேன். யாரிடமும் இல்லை. மறுபடி ஓடவிட்டு, மறுபடி தோற்கவைத்துப் பார்த்தேன். அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கடைக் கதவை உயர்த்தினேன்.