அக்கா கேட்ட மெல்லிய கல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவின் பொறுமையைப் பற்றிப் படிக்கத்தான் எதிர்பார்ப்பீர்கள். பொறுமைசாலிதான், இல்லையென்று யார் சொன்னது? அந்தப் பொறுமை பெரும்பாலும் என்னிடத்தில்தான் செலவானது. அதை எழுதாமல் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

அக்கா பிறந்தது செந்துறைப் பக்கம் ஒரு சிற்றூரில். நான் பத்து வயது இளையவன். பெற்றோர் அடுத்தடுத்துத் தவறியதும், பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா என்னைத் தம்முடன் அழைத்துவந்து படிக்க வைத்தார். அத்தானுக்குத் தச்சு வேலை. நிலைக்கும் கதவுக்கும் வளைவும் பள்ளமுமாக ஓரம் இழைக்கிற இழைப்புளித் தகடுகள் அவரிடம் நிறைய இருந்தன. அவற்றைத் தீட்டுவதற்குள் அத்தானுக்குக் கோபம் வந்துவிடும். அந்த வேலையை அக்கா தாமாகவே எடுத்துக்கொண்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ரம்பத்தையும் உளியையும் விற்ற அக்கா, அரங்களையும் தீட்டுக் கற்களையும் மட்டும் கொடுக்கவில்லை. சுற்றுவட்டார ஆசாரிகள் தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் தேய்த்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அரம் வாங்க அக்கா தாமே கடைக்குப் போவார். கடைக்காரர் எடுத்துத் தரும் முதல் அரத்தை அவர் வாங்கியதே கிடையாது. பல்லின் மேல் நகத்தை இழுத்துப் பார்ப்பார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கோணல் பார்ப்பார். தகட்டின் பள்ளத்தைவிட அரத்தின் வளைவு ஒரு நூல் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தைக் கடித்துவிடும் என்பார். கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். கல் அதைச் சட்டென்று குடித்துவிட்டால் சொரசொரப்பு, வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார். இவையெல்லாம் பிற்பாடு ஓர் ஆசாரி சொல்லி எனக்குத் தெரிந்தவை. ஒரே வீட்டில் அத்தனை வருஷம் அவர் போட்ட சோற்றைத் தின்ற நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஆபீஸ்காரன் வீட்டில் பெண்பிள்ளை அரம் தேய்க்கிறாளா என்று கேட்டுவிடுவார்களோ என்று எனக்கு ஒரே கூச்சம். அக்கா அடுப்படியில் இருந்த நேரம், துணி சுற்றித் தனித்தனியாக வைத்திருந்த அரங்களையும் கற்களையும் உதறி ஒரே சாக்கில் போட்டுக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அரத்தோடு அரம் உரசிப் பல் மழுங்கிவிட்டது. வளைவான ஓரங்களுக்கென்று அக்கா தேடி வாங்கித் தேய்த்துத் தேய்த்துப் பதப்படுத்திய மெல்லிய கல் மூன்று துண்டாகிக் கிடந்தது.

அக்கா துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். “உனக்குத் தெரியாதுடா தம்பி, விடு. அவுங்க வந்துடுவாங்க, போய் மொகத்தக் கழுவு” என்றார்.

கூத்து என்னவென்றால், பெண்ணின் தாய்மாமனே அக்காவிடம் தகடு கொடுத்து வாங்குபவர்தானாம். “அக்காவோட கைவேலைய மாமா சொல்லித்தான் எங்க வூட்ல சம்மதிச்சாங்க” என்று கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி சொன்னாள்.

மழுங்கியதற்குப் பதில் புது அரம் பெரம்பலூரிலேயே கிடைத்தது. உடைந்த அந்த ரகக் கல் கிடைக்கவில்லை. “திருச்சியில வாங்கிட்டு வரேன்க்கா” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுப் போனேன். கடைக்காரர் இருபது கற்களைப் பரப்பி வைத்து, “எந்த வளைவுக்குங்க? தகடு கொண்டாந்திருக்கீங்களா?” என்று கேட்டார். தகட்டைக் கொண்டுபோக வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். கல்யாணத்தோடு ரெட்டிபாளையத்திலேயே குடியேறிவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, “கல்லு கெடச்சுதாடா?” என்று கேட்டார். “பாக்குறேன்க்கா” என்றேன். அதற்கடுத்த பொங்கலுக்கும் அதே கேள்வி, அதே பதில். பிறகு போக வெட்கமாக இருந்தது, போகவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். எட்டு வருஷம் ஓடிவிட்டது.

கல் இல்லாமல் வளைவுத் தகடுகளை அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். தகடு வராமல் போனதும் ஆள் வருவதும் நின்றது. அவர் யாருடனும் பேசாமல் கழித்த நாட்கள் எத்தனையோ, எனக்குத் தெரியாது. “நான் வாங்கித் தரட்டுமா?” என்று கேட்ட ஓர் ஆசாரியிடம், “வேணாங்க, தம்பி கொண்டாறேன்னு சொல்லியிருக்கான்” என்று மறுத்துவிட்டாராம். அதை அந்த ஆசாரி என்னிடம் சொன்னது இறுதிச் சடங்கின்போது.

சென்ற ஆண்டு அக்காவைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்து ஓடினேன். பாதி மயக்கத்தில் இருந்தார். என் சட்டையையும் பேனாவையும் பார்த்துவிட்டு, “சார், என் தம்பி ரெட்டிபாளையத்துல ஆபீஸ்ல இருக்கான். அவன் வந்தா என்னைய எழுப்பி விடுங்க” என்றார். நான்தான்க்கா என்று சொல்ல வாய் வரவில்லை. “சரிங்கம்மா” என்றேன். அவர் கண்ணயர்ந்ததும் வெளியே வந்துவிட்டேன். மறுநாள் விடியலில் அக்கா போய்விட்டார்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆசாரிமாருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பெரம்பலூர்த் தெருவாசிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக இருந்து, அக்காவுக்கும் கஞ்சி ஊட்டிய லப்பைக்குடிக்காட்டு அம்மாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் கட்டில் எதுவென்று நான் அவரிடம்தான் கேட்டிருந்தேன். அன்று மாலை அக்கா கண் விழித்ததும், வந்துபோனது தம்பிதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அக்கா, “எழுப்பாமலே போயிட்டானா? அசந்து தூங்குறேன்னு விட்டிருப்பான், பாவம்” என்றாராம்.