பின்னட்டைக்கு ஒரு மையக் கருத்து

போன செவ்வாய்க்கிழமை கல்முனையிலிருந்து அச்சக முதலாளி போன் எடுத்தார். என் சுனாமிப் புத்தகம் ரெடியாம். நூற்றறுபது பக்கமும் தட்டச்சாகி, கடைசி ப்ரூப்பும் வீட்டுக்கு வந்துவிட்டது. பின்னட்டை மட்டும் வெறுமையாகக் கிடக்கிறதாம்.

“சேர், புத்தகத்துட மையக் கருத்த ரெண்டு வரியில எழுதித் தாங்க. வியாழனுக்குள்ள வேணும்.”

எனக்குத் திக்கென்றது. எழுதியவனிடம் போயா இதைக் கேட்பது? கடல் வந்தது, ஓடியது, முகாம், நிவாரண வரிசை, இரண்டு வருஷத் தகரக் கொட்டில், கடைசியில் புதுவீட்டுச் சாவி... எல்லாம் எழுதியிருந்தேன். கருத்தை எங்கே வைத்தேன் என்றுதான் நினைவில்லை.

சரி, மாஸ்டரிடம் கேட்போம் என்று போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், என் நண்பர். வெளியீட்டு விழாவில் ஆய்வுரை அவருடையது. புத்தகத்தைத் திறக்காமலே ஆய்வுரையை எழுதி முடித்திருந்தார். வாசித்தால் பக்கச்சார்பு வந்துவிடுமல்லவா?

யுத்தம் முடிந்துவிட்டது, இனிச் சகவாழ்வுதான் ஓடும், அதையே போடுங்கள் என்றார். உண்மைதான். சுனாமி வந்த புதிதில் தொண்டு நிறுவனங்களிடம் உளவள ஆலோசனை ஓடியது. பிறகு அனர்த்த முகாமைத்துவம். எதற்கும் ஒரு பட்டறை, ஒரு பைல், ஒரு சோற்றுப் பார்சல். ஆனால், என் புத்தகத்தில் சகவாழ்வு எங்கே இருக்கிறது? தேடினால் கிடைக்கும் என்றார். தேடினேன். பதினெட்டாம் பக்கத்தில் காரைதீவுத் தமிழ் நண்பர் ஒருவர் எனக்கு உடுக்கச் சாரன் தந்தது இருந்தது. நல்ல மனுசன், நல்ல சாரன். அதற்காக ஒரு சாரனை நூற்றறுபது பக்கத்துக்கும் போர்த்த முடியுமா?

இதற்கிடையில், மேசையில் கிடந்த ப்ரூப்பை என் மனைவி பரீதா எடுத்து வாசித்திருக்கிறாள். அவள் என் எழுத்தை வாசிப்பதில்லை. பேப்பரில் என்னுடைய இந்தப் பத்தி வருகிற பக்கத்தை விரித்துத்தான் மீன் வெட்டுவாள். அப்படிப்பட்டவள் வியாழன் காலை தேத்தண்ணீரை வைத்துவிட்டு, கருத்தை நான் சொல்லட்டா என்றாள்.

“ஒரு ஆம்புளைட வீடு கடல்ல போன. அவர் கஸ்டப்பட்டு இன்னொரு வீடு எடுத்த. இதுதான் இதுக்குள்ள இரிக்கி.”

அட, இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டாளே! பெருமையாகத் தலையாட்டினேன் — மடையன்.

“கடல் கொண்டு போனது என்ட வீட்ட. உம்மா வயல வித்துக் கட்டித் தந்த வீடு. நீங்க ஒரு பேக்கோட வந்தீங்க.”

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அதற்குள் குடிவருகிறவர். சுனாமி வீட்டுப் படிவத்திலோ ‘குடும்பத் தலைவர்’ என்று ஓர் இடம் இருந்தது. ஆயுளில் முதல் தடவையாக ஒருவர் என்னைத் தலைவர் என்கிறார், விடுவேனா? ஓடிப் போய் ஒப்பமிட்டேன். வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் வந்தது. புத்தகத்தில் நான் சாவி வாங்கியதற்கு ஆறு பக்கம், படத்தோடு. பழைய வீட்டைக் கட்டித் தந்து, அதற்குள்ளேயே கடல் நீரில் மௌத்தான மாமிக்கு இரண்டு வரி.

“உங்களுக்கு ஒண்டு நடந்தா இந்த வீட்டுல உங்கட கூடப்பொறந்த காக்காமாருக்கும் பங்கு போகும். நமக்கு இரிக்கிறது ஒரு மகள். எந்த வீட்டக் குடுத்து அவளக் கரைசேர்க்கிற?”

சாவி கிடைத்த நாளிலிருந்து இது அவள் நெஞ்சில் இருந்திருக்கிறது. நானோ அதே வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்து, மனித மனங்களின் ஆழத்தை எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

புத்தகத்தை நிறுத்தச் சொல்லி முதலாளிக்குப் போன் போட்டேன். எப்போது வரும் என்றார். பாதியைத் திரும்ப எழுத வேண்டும் என்றேன். மாஸ்டருக்குக் கவலையில்லை. அவருடைய ஆய்வுரை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

அன்றைக்கே இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். கிளாக்கர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ‘பெயர் மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரேயொரு கோடு. இதற்குள் எதை எழுதுவது? சுனாமி, முகாம், கிழக்கின் தாய்வழி மரபு... இன்னொரு தாள் கிடைக்குமா என்று கேட்டேன்.

பரீதா என் கையிலிருந்த பேனையை வாங்கினாள். ‘வீடு மனைவியுடையது’ என்று எழுதினாள்.

பாதிக் கோடு மிச்சமிருந்தது.